நெல்லறுத்த வயலில் சிவப்பு அறுவடை

புனித வெள்ளியன்று கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடமாட்டார்கள். ஒருசந்தி இருந்து வயிற்றைக் கட்ட வேண்டிய நாள். ஆனால் அமெரிக்காவின் தென்கோடியில், லூசியானா மாநிலத்தின் கேஜன் வட்டாரத்தில், அன்றைக்குத்தான் ஊரே மூக்குமுட்டச் சாப்பிடுகிறது. நீரில் வாழ்வது இறைச்சிக் கணக்கில் வராது என்பது திருச்சபையின் விதி. கிராஃபிஷ் நீரில் வாழ்கிறது. அந்தச் சிறு சந்து வழியாக ஒரு பெருவிருந்தே உள்ளே நுழைந்துவிட்டது.

கிராஃபிஷ் என்பது சிங்கி இறாலின் குட்டித் தம்பி. விரல் நீளம், இரண்டு கொடுக்கு, கெட்டியான ஓடு. கடலில் அல்ல, நன்னீரில், அதுவும் சேற்றில் வாழும். இந்தியாவின் ஆறு குளங்களில் இயற்கையாக இந்த வகை கிடையாது என்பதால் தமிழில் இதற்குப் பழகிய பெயரும் இல்லை. லூசியானாவில் இரண்டு இனங்கள் சந்தைக்கு வருகின்றன. பெருவாரியாகக் கிடைப்பதும் எல்லோருக்கும் பிடித்ததும் சிவப்புச் சதுப்பு கிராஃபிஷ்தான். ஜனவரியில் சீசன் தொடங்கும். மார்ச், ஏப்ரலில் தண்ணீர் வெதுவெதுப்பாகும்போது உச்சத்துக்குப் போகும். ஜூனில் ஓடு தடித்துச் சீசன் ஓய்ந்துவிடும். தவக்காலமும் உயிர்த்த ஞாயிறும் சரியாக அந்த உச்சத்தில் வந்து விழுகின்றன. பூசாரியும் பிராணியும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி.

புனித வெள்ளி காலையிலேயே கிராஃபிஷ் கடைகளின் முன்னால் பிக்கப் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். விற்பனை சாக்குக் கணக்கில்தான். வலைச்சாக்கு ஒன்றில் 30 முதல் 40 பவுண்டு, எல்லாம் உயிரோடு, ஒன்றின் மேல் ஒன்று ஊர்ந்துகொண்டு. ஆளுக்கு 3 முதல் 5 பவுண்டு என்று கணக்குப் போட்டு வாங்குவார்கள். பத்துப் பேர் கூடினால் ஒரு சாக்கு போதும், பசி கொஞ்சம் ஜாஸ்தியென்றால் ஒன்றரை.

வீட்டுக்கு வந்ததும் சாக்கைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவார்கள். சேறு போகும்வரை அலசல். செத்தது, புல், பொறிக்குள் இரையாக வைத்த மீன் துண்டு எல்லாம் பொறுக்கி எறியப்படும். உப்பைக் கொட்டி ஊறவைத்தால் குடலில் இருக்கும் அழுக்கைக் கக்கிவிடும் என்று சாதிக்கிற பெரியவர் வீட்டுக்கு ஒருவர் உண்டு. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் மையம் இதைப் பார்த்துவிட்டு, வெறும் தண்ணீரில் நன்றாக அலசுவதைவிட இதில் பெரிய பலன் எதுவும் இல்லை என்று சொல்லியாயிற்று. உப்புப் பெட்டி என்னவோ இன்னும் காலியாகிக்கொண்டுதான் இருக்கிறது.

பிறகு முற்றத்தில் அடுப்பு. 80 குவார்ட், அதாவது சுமார் 75 லிட்டர் பிடிக்கும் அலுமினியப் பானை. அடியில் காதைக் கிழிக்கும் கேஸ் பர்னர். தண்ணீரில் கயென் மிளகாய்த்தூள், கடுகு, மல்லி விதை, பிரிஞ்சி இலை, மிளகு எல்லாம் சேர்ந்த மசாலா. எலுமிச்சையை இரண்டாக வெட்டிப் பிழிந்து தோலோடு போடுவார்கள். முழுப் பூண்டு, வெங்காயம், உருளைக்கிழங்கு. அதன்பின் கிராஃபிஷ். மறுகொதி வந்த சில நிமிடங்களில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். விட்டால் சதை ரப்பராகி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

கைப்பக்குவம் என்பது அடுப்பை அணைத்த பிறகுதான் ஆரம்பம். உறைந்த சோளக்கதிர்களையோ பனிக்கட்டியையோ பானைக்குள் போட்டுச் சூட்டைத் தணிப்பார்கள். அதுவரை மேலே மிதந்துகொண்டிருந்த கிராஃபிஷ், மசாலாத் தண்ணீரை உள்ளிழுத்துக்கொண்டு மெல்ல அடியில் இறங்கும். இருபது நிமிடம், அரை மணி நேரம் ஊறவேண்டும். நடுநடுவே ஒன்றை எடுத்துப் பிய்த்து ருசி பார்த்து, "இன்னும் ஏறலை" என்று தலையாட்டுவது சமைப்பவரின் தனி உரிமை. சமைப்பவர் அநேகமாக ஆண். சமையலறைக்குள் கால் வைக்காத ஆண்கள்கூட முற்றத்துப் பானைக்கு அதிகாரியாகிவிடுவது இங்கும் நடக்கிறது.

நீண்ட மேஜையில் பழைய செய்தித்தாள் விரித்து, பானைக்குள் இருக்கும் கூடையைத் தூக்கி அப்படியே கவிழ்ப்பார்கள். தட்டு, கரண்டி, முள்கரண்டி எதுவும் கிடையாது. எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். வாலைத் திருகித் தலையைப் பிரிக்க வேண்டும். வாலின் முதல் இரண்டு வளையங்களைக் கழற்றிவிட்டு நுனியைப் பெருவிரலால் அழுத்தினால் சுண்டுவிரல் நுனியளவு சதை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். தலையை வீசிவிடக் கூடாது. உள்ளே மஞ்சளாக ஒன்று இருக்கும். கொழுப்பு என்கிறார்கள், உண்மையில் அது ஈரல், கணையம் இரண்டின் வேலையையும் செய்கிற உறுப்பு. மசாலாவும் காரமும் அங்கேதான் போய்த் தங்கியிருக்கும். அதை உறிஞ்சாமல் விட்டால் பக்கத்தில் நிற்பவர் உங்களை வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்.

கிராஃபிஷின் எடையில் சாப்பிடத் தேறும் வால் சதை ஏறக்குறைய 15 சதவீதம்தான். இரண்டு கிலோ உரித்தால் வயிற்றுக்குப் போவது முந்நூறு கிராம். பசியாற வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் உரிக்க வேண்டும். கை பூராவும் மசாலா என்பதால் செல்போனைத் தொட முடியாது. பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த விருந்து இவ்வளவு பிரபலமானதற்கு ருசி பாதிக் காரணம் என்றால், இந்தக் கட்டாய அரட்டை மீதிக் காரணம் என்பது என் கணிப்பு.

இதைப் பார்க்கிற யாரும் நூற்றாண்டுகளாக இப்படியே நடந்துவருகிற வழக்கம் என்றுதான் நினைப்பார்கள். சுற்றுலா விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. கிராஃபிஷ் தின்பது பழசுதான். இந்த முற்றத்து விருந்து, சாக்குக் கணக்கு, திருவிழா, மாநிலத்தின் அடையாளம் என்கிற பெருமை எல்லாம் பெரும்பாலும் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் உருவானவை.

ஒளித்துத் தின்ற காலம்

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கிருந்த பூர்வகுடிகள் கிராஃபிஷைப் பிடித்துத் தின்றார்கள். ஹூமா பழங்குடியினருக்குச் சிவப்பு கிராஃபிஷ் போர்ச் சின்னமாகவே இருந்தது. பின்னால் வந்தவர்கள் அக்கேடியர்கள். கனடாவின் கிழக்குக் கரையில், இன்றைய நோவா ஸ்கோஷியா பகுதியில் குடியிருந்த பிரெஞ்சு மொழிக்காரர்கள். 1755-இல் பிரிட்டிஷார் அவர்களை வீடு வாசலைவிட்டுக் கப்பலேற்றித் துரத்தினார்கள். அங்கும் இங்குமாகச் சிதறியவர்களில் ஒரு பகுதியினர் 1760-களின் நடுவிலிருந்து லூசியானாவின் சதுப்பு நிலங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கேடியன் என்ற பெயர் நாளடைவில் தேய்ந்து கேஜன் ஆயிற்று. கனடாவில் அவர்களுடன் இருந்த சிங்கி இறால்கள் பிரிவு தாங்காமல் கடல்வழியே கூடவே நீந்தி வந்ததாகவும், வழியில் இளைத்து இளைத்து கிராஃபிஷ் ஆகிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. கேஜன் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை.

புதிய இடத்தில் கிராஃபிஷ் ஏழையின் சாப்பாடு. வெள்ளம் வடிந்த வாய்க்காலில் சும்மா கிடைப்பது. பணம் கொடுக்காமல் கிடைக்கும் சாப்பாட்டுக்கு எந்த ஊரிலும் மரியாதை கிடையாது. காவிரிப் படுகையில் வயல் நண்டும் நத்தையும் யார் வீட்டு அடுப்பில் வெந்தன, யார் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியாததா? கேஜன்களிடமும் அந்தக் கூச்சம் இருந்தது. கிராஃபிஷ் தின்ற ஓடுகளை அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் புதைத்த கதைகளைப் பழைய தலைமுறை சொல்லியிருக்கிறது.

சாப்பாட்டோடு மொழிக்கும் அதே கதி. 1901-இல் ஜென்னிங்ஸ் அருகே எண்ணெய் கிடைத்தது. கம்பெனிகளோடு ஆங்கிலம் பேசும் அதிகாரிகளும் வந்து இறங்கினார்கள். 1921-இல் மாநில அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டுமே பயிற்று மொழியாக்கியது. வீட்டில் பிரெஞ்சு மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாய் தவறி அதைப் பேசினால் அடி, முட்டி, ஒரே வரியை நூறு முறை எழுதும் தண்டனை. அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானதும் தங்கள் குழந்தைகளிடம் பிரெஞ்சு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரே தலைமுறையில் மொழி வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போயிற்று.

கிராஃபிஷ் மட்டும் அங்கிருந்து திரும்பி வந்தது. ப்ரோ பிரிட்ஜ் என்பது டெஷ் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர். இன்றைக்கும் எண்ணாயிரம் பேர்தான் இருப்பார்கள். 1959-இல் அந்த ஊருக்கு நூறாவது ஆண்டு விழா. அதையொட்டி மாநிலச் சட்டமன்றம் அதை 'உலக கிராஃபிஷ் தலைநகரம்' என்று அறிவித்தது. மறு ஆண்டே ஊர்க்காரர்கள் கிராஃபிஷ் திருவிழா எடுத்துவிட்டார்கள். கிராஃபிஷ் ஓட்டப் பந்தயம், யார் அதிகம் தின்பது என்ற போட்டி, கிராஃபிஷ் ராணி, நாள் முழுக்க அக்கார்டியன் இசை. எதை ஒளித்துத் தின்றார்களோ அதன் பெயரில் மகுடம்! சிற்றூர் நகராட்சியின் விளம்பர யுக்திதான். ஆனால் யுக்திக்குக் காலம் கனிந்திருந்தது. 1968-இல் பிரெஞ்சு மொழியை மீட்பதற்காக மாநில அரசே ஒரு குழு அமைத்தது. தன் கேஜன் வேர்களைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட எட்வின் எட்வர்ட்ஸ் 1972-இல் ஆளுநர் ஆனார். 1979-இல் ஒபலூசஸ் ஊர்க்காரரான பால் புருதோம், நியூ ஆர்லியன்ஸில் தன் மனைவியோடு ஓர் உணவகம் திறந்தார். கிராஃபிஷ் வாலை மாவில் தோய்த்துப் பொரித்து 'கேஜன் பாப்கார்ன்' என்று பெயர் வைத்தார். எண்பதுகளில் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை கேஜன் சாப்பாட்டுப் பைத்தியம் பிடித்தது. 1983-இல் கிராஃபிஷ் லூசியானாவின் அதிகாரபூர்வ மாநில ஓட்டுயிரி. இப்போது துணைநிலை ஆளுநர் ஆண்டுதோறும் ஒரு கிராஃபிஷுக்குப் பெயர் சூட்டி, பானையிலிருந்து 'பொது மன்னிப்பு' கொடுத்துத் தண்ணீரில் விடுகிற வேடிக்கையும் நடக்கிறது.

தலைப்பூரணமும் எட்டூஃபேயும்

எல்லோரும் கொண்டாடும் முற்றத்து விருந்து புதுசென்றால், பழைய வீட்டுச் சமையல் எது? பிஸ்க். ஈஸ்டருக்குப் பாட்டிமார் சமைத்தது. வேகவைத்த கிராஃபிஷின் வாலை உரித்து எடுத்துவிட்டு, தலை ஓட்டை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து வைப்பார்கள். வால் சதையைக் கொத்தி, வெங்காயம், ரொட்டித்தூள், மசாலாவோடு பிசைந்து அந்தத் தலைக்குள் பூரணமாக அடைப்பார்கள். அதை மாவில் புரட்டி, செந்நிறமாக வறுத்த மாவுக் குழம்பில் இட்டு, சோற்றின்மேல் ஊற்றிக்கொள்வது. ஒரு குடும்பத்துக்குச் சமைக்க நூற்றுக்கணக்கான தலைகள் வேண்டும். அம்மா, சித்தி, மகள், மருமகள் எல்லோரும் ஒரு நாள் முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்தால்தான் ஆகும். இப்போது யாருக்கும் அந்த நாள் இல்லை. மெனு அட்டையில் பிஸ்க் என்ற பெயரில் வருவது பல இடங்களில் கிரீம் சேர்த்த சூப்புதான். தலையே இருக்காது.

ஆக, பாரம்பரியம் என்று ஊரே கொண்டாடுவது ஆண்கள் முற்றத்தில் சமைக்கிற புது வழக்கத்தை. உண்மையான பழையது, பெண்கள் சமையலறைக்குள் செய்தது, சத்தமில்லாமல் மறைந்துகொண்டிருக்கிறது. இதைப் பற்றி எந்தத் திருவிழாவிலும் பெரிதாகப் பேச்சில்லை.

நடுவில் நிற்பது எட்டூஃபே. வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றையும் வெண்ணெயில் குழைய வதக்கி, வால் சதையும் அந்த மஞ்சள் கொழுப்பும் சேர்த்து மூடிவைத்து வேகவிட்டால் தொக்குக்கும் குழம்புக்கும் இடைப்பட்ட பதத்தில் வரும். ப்ரோ பிரிட்ஜ் உணவகங்கள்தான் இதை ஊரறியச் செய்தன. இதற்கும் சோறுதான். அமெரிக்காவில் ரொட்டியைத் தள்ளிவிட்டு மூன்று வேளையும் சோறு கேட்கிற வட்டாரம் இது. கிராஃபிஷின் கதையும் அந்தச் சோற்றிலிருந்துதான் திரும்புகிறது.

ஒரே வயல், இரண்டு போகம்

பழங்காலத்தில் கிராஃபிஷ் என்றால் அட்சாஃபலாயா படுகை. அமெரிக்காவின் மிகப் பெரிய ஆற்றுச் சதுப்புக் காடு. மிசிசிப்பியின் வடக்கே பனி உருகினால் வசந்தத்தில் இங்கே வெள்ளம் ஏறும். வெள்ளம் காட்டுக்குள் பரவினால் கிராஃபிஷ் கொழிக்கும். வெள்ளம் ஏமாற்றினால் அந்த வருஷம் அவ்வளவுதான். பல மாநிலம் தள்ளி மினசோட்டாவில் விழுகிற பனியை நம்பி யார் உணவகம் நடத்த முடியும்?

தென்மேற்கு லூசியானாவில் 1880-களில் ரயில் வந்தபின் நெல் விவசாயம் பெருகியது. குரோலி என்ற ஊர் தன்னை நெல் தலைநகரம் என்று அழைத்துக்கொள்கிறது. அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் தேங்கினால் கிராஃபிஷ் தானாக வந்து சேர்வதை விவசாயிகள் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். வேண்டுமென்றே தண்ணீர் கட்டி அதைப் பயிர்போல எடுக்கலாம் என்ற யோசனை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியது. அறுபதுகளில் பல்கலைக்கழக ஆய்வும் சேர்ந்துகொள்ள, அது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

அந்த வயல் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வசந்தத்தில் நெல் விதைக்கிறார்கள். பயிர் ஓரளவு எழுந்து நிரந்தரமாகத் தண்ணீர் கட்டிய பின், கோடைத் தொடக்கத்தில் ஏக்கருக்கு 50, 60 பவுண்டு என்ற அளவில் வளர்ந்த கிராஃபிஷை வயலில் விடுகிறார்கள். கதிர் முற்றியதும் அறுவடைக்காகத் தண்ணீரை வடிக்க வேண்டும். தண்ணீர் இறங்க இறங்க கிராஃபிஷ் வரப்பில் வளை தோண்டி உள்ளே போய், வாயைச் சேற்றால் மூடிக்கொள்ளும். மேலே அறுவடை இயந்திரம் ஓடும்போது கீழே பெண் கிராஃபிஷ் இருட்டில், ஈரமண்ணில், வாலுக்கடியில் முட்டைகளைச் சுமந்துகொண்டு காத்திருக்கும். நெல்லறுத்த தாள் மறுபடி துளிர்க்கும். அக்டோபரில் வயலுக்கு மீண்டும் தண்ணீர் விடுவார்கள். வரப்பு ஊறி, வளையின் வாய் இளகி, தாய் குஞ்சுகளோடு வெளியே வரும்.

தீவனம் என்று தனியாக எதுவும் போடுவதில்லை. தண்ணீரில் தாள் அழுகும். அழுகலில் நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றைப் புழுவும் பூச்சியும் தின்னும். அவற்றைக் கிராஃபிஷ் தின்னும். விவசாயிக்கு அதில் இரண்டு வரவு. நெல் விலை சரியும் வருஷத்தில் குடும்பத்தைத் தாங்குவது கிராஃபிஷ்தான். பலருக்கு இப்போது முதல் பயிரே அதுதான், நெல் அதற்குத் தீவனம் மாதிரி. அமெரிக்காவில் விளையும் கிராஃபிஷில் மிகப் பெரும் பங்கு லூசியானாவுடையது. அதிலும் பெரும்பகுதி காட்டிலிருந்து வருவதல்ல, இந்த வயல்களிலிருந்து வருவது.

பிடிக்கிற விதமும் ஊர்க்காரர்களின் சொந்தக் கண்டுபிடிப்பு. கம்பி வலையால் செய்த கூம்புப் பொறிகளை வரிசையாக நட்டு, உள்ளே மீன் துண்டு போட்டு வைக்கிறார்கள். வயல் நீரின் ஆழம் முழங்கால் அளவுதான். அதில் போக ஒரு தட்டையான அலுமினியப் படகு. பின்னால் சேற்றில் பதிந்து உருளும் இரும்புச் சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். வரப்பு வந்தால் ஏறி இறங்கி அடுத்த வயலுக்குள் போய்விடும். ஓட்டுகிறவர் காலால் திசை மாற்றிக்கொண்டே கையால் பொறியைத் தூக்கி, கவிழ்த்து, புது இரை போட்டு, திரும்ப நடுவார். படகு நிற்பதே இல்லை. வெல்டிங் பட்டறைகளில், விவசாயிகளும் பட்டறைக்காரர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் திருத்தித் திருத்தி உருவாக்கியது இந்தப் படகு. ஜான் லாடன் என்ற நாட்டுப்புறவியல் அறிஞர் இதைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

1973-இல் அட்சாஃபலாயா சதுப்பின் குறுக்கே 29 கிலோமீட்டர் நீளத்துக்கு நெடுஞ்சாலைப் பாலம் திறந்தது. கிராஃபிஷ் லாரிகளுக்கு நியூ ஆர்லியன்ஸ் ஒரு பக்கம், ஹூஸ்டன் இன்னொரு பக்கம். வயல் நிச்சயமாகக் கொடுத்தது, சாலை கொண்டுசேர்த்தது. சாக்குக் கணக்கு விருந்து சாத்தியமானது அப்படித்தான்.

உரித்த கைகள்

தானே உரித்துத் தின்பது விருந்து. எட்டூஃபேக்கும் பாப்கார்னுக்கும் வேண்டிய சதையை யாரோ உரித்துக் கொடுக்க வேண்டும். ஏழு பவுண்டு உரித்தால் ஒரு பவுண்டு. முன்பு ஊர்ப் பெண்கள் உரித்தார்கள். பிறகு வேலை விசாவில் மெக்சிகோவிலிருந்து வருபவர்கள். 2012-இல் ப்ரோ பிரிட்ஜில் ஒரு கிராஃபிஷ் ஆலையில் எட்டு மெக்சிகத் தொழிலாளர்கள், 24 மணி நேரம் வரை நீளும் ஷிஃப்டுகளையும் மிரட்டலையும் எதிர்த்து வெளியேறி வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆலையிடம் வாங்கிக்கொண்டிருந்த வால்மார்ட் கொள்முதலை நிறுத்திவைத்தது. உலகத் தலைநகரம் என்று பலகை வைத்த அதே ஊரில்தான் இதுவும்.

ஆலைகள் ஏன் அந்த அளவுக்கு நெருக்கின என்பதற்குச் சீனாவையும் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளில் உறையவைத்த சீன வால் சதை லூசியானா விலையைவிட மிகக் குறைவாக வந்து இறங்கியது. உள்ளூர் உரிப்பு ஆலைகள் பல மூடப்பட்டன. 1997-இல் அமெரிக்கா அதன்மேல் குவிப்புத் தடுப்பு வரி போட்டது. வரி இருந்தும் அது வருவது நிற்கவில்லை. லூசியானாவுக்கு வருகிற பயணி எட்டூஃபே சாப்பிட்டுச் சப்புக்கொட்டும்போது அந்தச் சதை யாங்சி ஆற்றுச் சமவெளியில் வளர்ந்ததாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

இத்தனைக்கும் சீனாவில் இருப்பது வேறெதுவுமில்லை, இதே லூசியானாச் சிவப்பு கிராஃபிஷ்தான். 1927-இல் ஜப்பானுக்குத் தவளைப் பண்ணைத் தீனியாகக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து நான்ஜிங் பக்கம் போயிற்று. பல பத்தாண்டுகள் வாய்க்கால் வரப்பைத் துளைக்கிற சனியன் என்று திட்டுவாங்கியது. தொண்ணூறுகளில் இரவுக்கடைகளில் மிளகாயும் சிச்சுவான் மிளகும் போட்டு வறுத்துக் கொடுக்க, தேசமே அடிமையாகிவிட்டது. பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் பீர் வைத்துக்கொண்டு நடுச்சாமம் வரை உரிக்கிறார்கள். ஹூபெய் மாநில நெல்வயல்களில் லூசியானா முறையின் சீன வடிவம் விளைகிறது. சீன உற்பத்தி இப்போது ஆண்டுக்கு 20 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. லூசியானா முழுவதும் சேர்த்தால் ஒரு லட்சம் டன்னைத் தொடாது. உலகத் தலைநகரப் பட்டம் யாருக்கு என்ற கேள்வியை ப்ரோ பிரிட்ஜில் யாரும் சத்தமாகக் கேட்பதில்லை.

ருசியை உள்ளூரிலேயே மாற்றியவர்கள் வியட்நாமியர்கள். 1975-இல் சைகோன் வீழ்ந்தபின் அகதிகளாக வந்தவர்களில் பலர் மெக்சிகோ வளைகுடாக் கரையில் குடியேறினார்கள். வெயில், நெல், மீன், கத்தோலிக்கக் கோயில், பிரெஞ்சு ஆட்சியின் மிச்சம் என்று பழகிய பல அங்கே இருந்தன. இறால் படகுகளில் வேலைக்குப் போனவர்கள் பக்கத்து வீட்டு கிராஃபிஷ் விருந்தைக் கற்றுக்கொண்டு, பிறகு ஹூஸ்டனில் கடை வைத்தார்கள். கேஜன் முறையில் காரமெல்லாம் கொதிநீரில் முடிந்துவிடும். இவர்கள் வெந்த கிராஃபிஷை எடுத்து, வெண்ணெயில் பொரித்த பூண்டு, எலுமிச்சைப்புல், மிளகாய் சேர்த்து மறுபடி ஒரு புரட்டுப் புரட்டினார்கள். தொட்டுக்கொள்ள உப்பு, மிளகு, எலுமிச்சைச் சாறு. கேஜன் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஓட்டுக்கு வெளியே பூசி என்ன பயன், உள்ளேயல்லவா இறங்க வேண்டும் என்றார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் விரலைச் சப்பிக்கொண்டே வாதம் செய்ய முடியாது. இரண்டாயிரத்துக்குப் பின் வியட்-கேஜன் கடைகள் கலிஃபோர்னியா வரை போய்விட்டன. லூசியானாவிலேயே பல கடைகள் பூண்டு வெண்ணெயைத் தனிக் கிண்ணத்தில் கேட்காமலே கொண்டுவந்து வைக்கின்றன.

பானை காலியான வருஷம்

2023 கோடையில் லூசியானாவில் மழை பொய்த்தது. வெயில் பாளம் பாளமாக வரப்பைப் பிளந்தது. வளைக்குள் முட்டையோடு காத்திருந்த தாய் கிராஃபிஷ்கள் ஈரமின்றி உள்ளேயே செத்தன. சில பகுதிகளில் வயலுக்குப் பாய்ச்சும் தண்ணீரிலேயே கடலுப்பு ஏறியிருந்தது. அக்டோபரில் தண்ணீர் விட்டும் பல வயல்களில் எதுவும் மேலே வரவில்லை. 2024 தொடக்கத்தில் வழக்கமாக மூன்று நான்கு டாலருக்கு விற்கிற ஒரு பவுண்டு உயிர் கிராஃபிஷ் சில கடைகளில் பத்து டாலரைத் தாண்டியது. மார்ச் மாதம் ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி கிராஃபிஷ் தொழிலுக்காகப் பேரிடர் அறிவிப்பு வெளியிட்டார். புயலுக்கும் வெள்ளத்துக்கும் அறிவிப்புக் கேட்டுப் பழகிய மாநிலம், ஒரு சாப்பாட்டுக்காகக் கேட்டது புதுசு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். வயல்காரர், இரை விற்பவர், படகு செய்பவர், சாக்கு ஏற்றுபவர், வாரக்கடைசியில் மட்டும் பானை வைத்து விற்கும் குடும்பம் என்று அந்த ஒரு பிராணியை நம்பியிருக்கிற வரிசையைத் தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை.

வறட்சிக்கு மழை வந்தால் தீர்வு. இன்னொரு தொல்லைக்கு அதுவும் இல்லை. தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஆப்பிள் நத்தை சில ஆண்டுகளாக இந்த நெல்வயல்களில் பெருகிவிட்டது. கிராஃபிஷுக்கு வைத்த இரையைத் தேடிப் பொறிக்குள் இது நுழைந்து நிரம்பிவிடுகிறது. தூக்கினால் பொறி முழுக்க நத்தை, கிராஃபிஷுக்கு இடமே இல்லை. வேற்று மண்ணிலிருந்து வந்து வயலைப் பாழாக்குகிறதே என்று விவசாயிகள் வயிறெரிகிறார்கள். லூசியானா கிராஃபிஷைப் பற்றி ஜப்பானில் இதையேதான் சொல்கிறார்கள். 2023 ஜூன் முதல் அங்கே அதை விற்கவும் வெளியில் விடவும் தடை. ஸ்பெயினில் 1970-களில் குவாதல்கிவிர் ஆற்றுச் சதுப்பில் கொண்டுவந்து விட்டார்கள். இன்றைக்கு இஸ்லா மாயோர் ஊருக்கு அதுதான் பிழைப்பு, சூழலியலாளர்களுக்கு அதுதான் தலைவலி. பெர்லின் நகரப் பூங்காவில் பெருகியதைப் பிடித்து உணவகங்களுக்கு விற்க 2018-இல் ஒரு மீனவருக்கு அனுமதியே கொடுத்தார்கள்.

நத்தையை ஒழிக்க வயலைக் காயப்போடலாம் என்றால் அது மண்ணுக்குள் புதைந்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கிறது. கிராஃபிஷும் அதே மண்ணுக்குள்தான் இருக்கிறது. மருந்து அடித்தால் இரண்டுக்கும் ஆபத்து. தற்போதைக்கு விவசாயிகள் செய்வது ஒன்றுதான். படகை நிறுத்தாமல், பொறியைக் கவிழ்த்த இடத்திலேயே நத்தையைக் கையால் பொறுக்கித் தனி வாளியில் போடுகிறார்கள். அதைத் தின்ன இங்கே இதுவரை பெரிதாக யாரும் முன்வரவில்லை.